தகரம் அடித்த தெருவில் யார் காய்ச்சல் என்று சொல்வார்கள்?

பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். வட மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். கொரோனா ஊரடங்கில் கடைத்தெருவே ஷட்டரை இறக்கியபோது திறந்திருந்த சில கடைகளில் என்னுடையதும் ஒன்று. ஊர் எதற்குப் பயந்தது, எதை நம்பியது, எதை மறைத்தது என்பதையெல்லாம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கொள்ளைநோய் இல்லாதபோதுதான் அதைப் பற்றி நிதானமாகப் பேச முடியும். வந்துவிட்டால் மடல் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அதிகாரிகள் யார் பேசினாலும் மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை, மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று முடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2020 மே மாதத்திலேயே என் கடை எதிரில் பூ விற்கும் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காய்ச்சல், வறட்டு இருமல், வாசனை தெரியாமல் போவது, 14 நாள் தனிமை, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது என்று தப்பில்லாமல் ஒப்பிப்பார். போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன் இருமல் சத்தம் கேட்ட காலம் அது. ‘விழித்திரு, விலகி இரு, வீட்டில் இரு’ என்பதைத் தெருப் பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டாகப் பாடினார்கள். தகவலுக்குக் குறைவில்லை.

ஆனால் அந்த அம்மாவுக்கே ஜூன் மாதம் காய்ச்சல் வந்தபோது டெஸ்ட்டுக்குப் போகவில்லை. என்னிடம் வந்து, “தலைவலி மாத்திரை குடுங்க தம்பி” என்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி அனுப்பும்படி எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நல்ல வழி என்று மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றும். நடந்தது வேறு. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை. தலைவலி வந்தது, பல்வலி வந்தது, மூட்டுவலி வந்தது. எல்லாவற்றுக்கும் பாராசிட்டமால் கேட்டார்கள். சிலர் பக்கத்து ஊர் மெடிக்கலுக்கு வண்டி எடுத்துப் போனார்கள். என் நோட்டில் எழுதியிருந்த போன் நம்பர்களில் பாதிக்கு ஒன்பது இலக்கம்தான் இருந்தது. இதை அறியாமை என்பீர்களா? பாசிட்டிவ் என்று வந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக அறிந்தவர்களின் நடத்தை அது.

என்ன ஆகும் என்பதை அவர்கள் எந்த நோட்டீஸிலும் படிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை உடுப்பில் முகம் தெரியாத ஆட்கள் இறங்கினார்கள். தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் கதவுக்குக் குறுக்கே தகரம் வைத்து அடித்தார்கள். சென்னையில் தகரம் அடித்த வீடுகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, உங்களுக்கும் நினைவிருக்கும். நோயாளியோடு சண்டை வேண்டாம், நோயோடுதான் சண்டை என்று போனில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், தெருவில் சுத்தியல் சத்தம் கேட்டது. எதை நம்புவது? உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் இப்படி அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் ஊர் தன் பாடத்தைக் கற்று முடித்திருந்தது.

நம் ஊரில் நோய் வந்த வீட்டு வாசலில் அடையாளம் வைக்கும் பழக்கம் புதிதல்ல. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள், ஆனால் இளநீரும் மோரும் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை விருந்தாளி கிடையாது. அம்மன் வந்திருக்கிறாள் என்பதை நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு விஷயம். படித்துப் பட்டம் வாங்கிய என்னால் அதைவிட ஒழுங்கான தனிமைப்படுத்தலைக் காட்ட முடியவில்லை. போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. காரணம் ஒன்றுதான்: நோய் வந்தவருக்கு அங்கே மரியாதை இருந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 2021 மே மாதம் அதே கோவைப் பக்கம் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது டிவியில் சிரித்தார்கள். சிரிக்கலாம். ஆனால் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத ஜனங்களுக்கு வேறு இடம் யாரும் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்கலாம்.

வேப்பிலை செருகச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. தகரத்தை இனி எந்தக் கிடங்கிலிருந்தும் எடுக்காதீர்கள் என்று கேட்கிறேன்.

தகரத்தைவிடக் கசப்பானது சுடுகாட்டில் நடந்தது. 2020 ஏப்ரலில் அம்பத்தூர் மயானத்தில் ஆந்திர மருத்துவர் ஒருவரின் உடலை எரிக்க எதிர்ப்பு எழுந்தது. சில நாளில், ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் மீது கல்லும் கட்டையும் விழுந்தன. கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர், ஆஸ்பத்திரி ஊழியர்கள் துணையோடு, தானே மண்ணைத் தள்ளி மூட வேண்டியிருந்தது. அடித்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது குற்றம். ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, உடலை அடக்கம் செய்யத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று. சரிதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரம் டிவியில் ஊர் பார்த்தது என்ன? பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலை விண்வெளிக்குப் போகிறவர்களைப் போல உடுப்புப் போட்டவர்கள் ஆழக் குழியில் இறக்கிய காட்சி. புதைத்த உடலிலிருந்து காற்றில் நோய் பரவாது என்று அறிக்கை சொன்னது. கண் வேறு சொன்னது. அன்றைக்கு ஒரு அமைச்சரோ ஆட்சியரோ, ஒரேயொருவர், மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டு ஓர் அடக்கத்தில் ஓரமாக நின்றிருந்தால் போதும். பல லட்சம் நோட்டீஸ் அச்சடித்த செலவு மிச்சமாகியிருக்கும்.

இதுதான் உங்களிடம் நான் சொல்ல வந்தது. நீங்கள் சொன்னதை மக்கள் காதில் வாங்கினார்கள். நடந்துகொண்டது, நீங்கள் செய்ததைப் பார்த்து.

2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடக் கிடையாது. நடுவில் இருந்தது 25, ஒரு சனிக்கிழமை. அன்று கடைத்தெருக்களில் தோளோடு தோள் உரசக் கூட்டம். கோயம்பேட்டில் சொல்லவே வேண்டாம். மே 5 அன்று சந்தையை மூடும்போது அங்கிருந்து கிளம்பிய லாரிகளோடும் தொழிலாளர்களோடும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று நோய் போய்ச் சேர்ந்திருந்தது. ‘பொறுப்பில்லாத பொதுமக்கள்’ என்று எழுதினார்கள். வீட்டில் நான்கு நாளுக்கு அரிசியும் பாலும் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு தாயின் பொறுப்பு இல்லையா? சரி, முதல் தடவை என்று விட்டுவிடலாம். 2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, அதுவரை இல்லாத உச்சம். மறுநாள் அறிவிப்பு: 24ஆம் தேதி முதல் தளர்வில்லாத ஊரடங்கு, அதற்கு முன் 22, 23 இரண்டு நாளும் கடைகள் இரவு வரை திறக்கலாம், பஸ்ஸும் ஓடும். ஒரு வருடம் கழித்து அதே கூட்டம், அதே குற்றச்சாட்டு. இரண்டு தடவையும் கூட்டத்தைக் கூட்டியது அறிவிப்புதான்.

அதே வருடம் மார்ச், ஏப்ரலில் மாஸ்க் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் இருந்தது. எங்கள் ஊர் முனையில் சைக்கிள்காரர்களை நிறுத்திப் பணம் வாங்கினார்கள். முனையைத் தாண்டினால் தேர்தல் பிரசாரம், வேன் மேல் நின்றவருக்கும் மாஸ்க் இல்லை, கீழே நின்ற ஆயிரம் பேருக்கும் இல்லை. ஏப்ரல் 6 ஓட்டுப் பதிவு முடிந்தது. ஏப்ரல் 20 முதல் இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு வந்தது. “பத்து மணிக்கு மேலதான் கொரோனா டூட்டிக்கு வருமா அண்ணே?” என்று என் கடைப் பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பிரசாரக் கூட்டங்களை ஏன் தடுக்கவில்லை என்று ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைப் பார்த்துக் கேட்டதும் ஏறக்குறைய இதே தொனியில்தான்.

சாத்தான்குளத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கொண்டுபோனது. நான்கு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். நீங்கள் சுகாதாரத் துறை, போலீஸ் வேறு துறை என்று சொல்வீர்கள். அரசாணையைப் பொறுத்தவரை வேறு வேறுதான். கடைக்காரனுக்கும் பூக்காரம்மாவுக்கும் அரசாங்கம் என்பது ஒரே ஆள். அவர் கையில் ஒருநாள் தெர்மாமீட்டர், மறுநாள் லத்தி.

அறிவு என்று பேசும்போது இன்னொன்றும் பேச வேண்டும். தெரியாமல் இருந்தது மக்கள் மட்டுமா? 2020 ஏப்ரல் முதல் தேதி திருப்பூர் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், நடந்து போனால் மேலே மருந்து தெளிக்கும். எல்லா ஊரும் அதேபோல வேண்டும் என்றது. சில நாளிலேயே, அதனால் பயனில்லை, உடம்புக்குக் கேடு, வைக்காதீர்கள் என்று உங்கள் துறை சொன்னது. அந்தச் சுற்றறிக்கையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சுரங்கத்தைத் திறந்துவைத்த படம் முதல் பக்கத்தில் வந்தது, மூடச் சொன்ன செய்தி உள்பக்கத்தில் வந்தது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் கடைசியில், இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. பிறகு மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டது. மாறுவதில் தப்பில்லை, அறிவியல் அப்படித்தான். மாறியதை நீங்கள் எங்களுக்குச் சொன்ன விதத்தில்தான் குறை. கதவுப் பிடியைத் துடை, காய்கறியைக் கழுவு என்று சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்குகூட ஜன்னலைத் திற என்று சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் வாசலில் சானிட்டைசர் தெளித்துவிட்டு உள்ளே ஏசி போட்டுக் கதவைச் சாத்தினார்கள். சானிட்டைசர் விற்ற எனக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் ஊசி மருந்து விஷயம் இன்னும் வருத்தம். 2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் வெயிலில் நின்ற வரிசையை நாடே பார்த்தது. அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் வாட்ஸ்அப் பார்த்து வந்தவர்களா? கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. எங்கிருந்தாவது கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரி சொல்லி அனுப்பிய மகன்கள் அவர்கள். நகையை அடகு வைத்த கையோடு என் கடைக்கும் வந்து கேட்டவர்கள் உண்டு. வதந்தியை நம்பாதீர்கள் என்று அவர்களிடம் போய் யார் சொல்வது?

நம்பிக்கை எங்கே உடைந்தது என்று தேடினால் 2020 ஜூலை 22 என்று ஒரு தேதி கிடைக்கும். சென்னையில் முன்பே இறந்து கணக்கில் வராமல் போன 444 பேரை அன்று ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள். குழு போட்டு, தணிக்கை செய்து, தாங்களே முன்வந்து வெளியிட்டது நல்ல காரியம். ஆனால் அதுவரை தினமும் மாலை டிவியில் வந்த எண்ணிக்கையை வேதவாக்காக எழுதிவைத்த என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மறுநாள் முதல் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு எந்தப் புள்ளிவிவரம் சொன்னாலும், “இன்னும் எத்தனை பேரைச் சேர்க்கப்போறாங்களோ” என்பார். தொடக்கத்திலேயே, எங்கள் கணக்கில் விடுபடல் இருக்கும், சரிபார்த்து வருகிறோம் என்று தினமும் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அவரை இழந்திருக்க மாட்டீர்கள்.

குறை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் துறை செய்த ஒரு காரியத்தை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். தடுப்பூசி வந்தபோது எங்கள் ஊர் தயங்கியது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். 17ஆம் தேதி காலை மாரடைப்பில் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். ஒன்றிய அரசின் குழு ஆராய்ந்து அதையே சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. நடுவில் என் கடையில் அவர் பெயரைச் சொல்லாமல் ஊசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு மனிதனை நேசித்த ஊர் அவர் சாவுக்குக் காரணம் தேடியது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நீங்கள் தள்ளவில்லை. ஊசிக்குத் தட்டுப்பாடு நீங்கிய பிறகு, செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க சுமார் 40,000 இடங்களில் மெகா முகாம் போட்டீர்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல் என்று ஆள் இருந்த இடத்துக்கு ஊசி போனது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல். பிறகு ஞாயிறுகளில் ஒரு சிக்கல் தெரிந்தது: கறிச்சோறு தின்றால் ஊசி போடக் கூடாது, குடித்தால் போடக் கூடாது என்று ஜனங்கள் நம்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் விட மனமில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினீர்கள். காரணத்தை அமைச்சர் மா.சுப்பிரமணியன் வெளிப்படையாகவே சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது இந்தக் கொள்ளைநோயில் அரசு எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்றாகப் பட்டது. கறி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் புரியவைக்க ஆறு மாதம் ஆகும், நாளை மாற்ற ஒரு உத்தரவு போதும். கூடவே இன்னொரு லாபம்: ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் அடித்தால் ஞாயிறு படுத்துக்கொள்ளலாம், கூலி போகாது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் ஊர்களில் 2021 ஜூன் முடிவதற்குள் வயது வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் ஊசி போட்டு முடித்ததும் இதே வழியில்தான். செவிலியர்கள் மலை ஏறிப் போனார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை.

இந்தச் சனிக்கிழமைப் புத்தியை அடுத்த தடவை முதல் நாளே பயன்படுத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஊரடங்குச் சமயத்தில் செல்போனில் லிங்க் அனுப்பி, கொரோனா எப்படிப் பரவும், மாஸ்க் போடுகிறீர்களா என்று கேட்டு எத்தனையோ கல்லூரிகள் கருத்துக்கணிப்பு நடத்தின. எனக்கும் வந்தது, நிரப்பி அனுப்பினேன். மாஸ்க் போடுகிறீர்களா என்றால் யார் இல்லை என்பார்கள்? பூக்காரம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, அவருக்கு லிங்க் வராது. அவரிடம் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் நேரில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உனக்குக் காய்ச்சல் வந்தால் எங்களிடம் சொல்லாமல் இருக்க என்ன காரணம்?

பதிலை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர் என்னிடம் பிறகு சொன்னதுதான். “பதினாலு நாள் உள்ளே போட்டா பூக்கட்ட ஆள் இல்ல. வட்டிக்காரன் நிக்க மாட்டான். வெளிய வந்தா எங்கிட்ட பூ வாங்க மாட்டாங்க.” இந்த மூன்றில் ஒன்றுகூட வைரஸைப் பற்றியது அல்ல. கை கழுவும் முறையை வரைந்து ஒட்டினால் மூன்றில் எதுவும் தீராது. சென்னை ராயபுரத்து ஒற்றை அறை வீட்டில், பொதுக் கழிப்பறையும் லாரித் தண்ணீரும் உள்ள தெருவில், ‘விலகி இரு’ என்பது எப்படி என்றும் யாராவது வரைந்து காட்ட வேண்டும். அதே சென்னையில் நீங்கள் தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியபோது ஜனங்கள் வந்தார்கள் இல்லையா? அங்கே மாத்திரை கொடுத்தார்கள், பேசினார்கள், தகரம் கையில் இல்லை.

2021இல் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது அரசு. நல்லது, பல வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான நிவாரணம், பாசிட்டிவ் வந்தவரை வீட்டில் உட்காரவைக்கும் பணம் அல்ல. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் நோயாளியைத் தனியே வைக்க, வீட்டைச் சுத்தப்படுத்த, தகவல் கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அதைத் திருத்துகிறபோது, தனிமையில் வைக்கப்படும் தினக்கூலிக்கு அந்த நாட்களின் கூலி உரிமை என்று ஒரு பிரிவு சேருங்கள். தானே வந்து காய்ச்சல் என்று சொல்கிறவரின் பெயர் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று இன்னொரு பிரிவு. முழு ஊரடங்கு அறிவிப்பதற்கு முன் ரேஷன் பொருள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இதில் சட்டச் சிக்கல் இருக்கும், நிதித் துறை கோப்பைத் திருப்பி அனுப்பும், எல்லாம் தெரியும். அந்தச் சண்டையைப் போட இதுதான் நேரம்.

என் கடை நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த தடவையும் மெடிக்கல்காரர்களின் உதவி உங்களுக்குத் தேவைப்படும், நாங்களும் செய்வோம். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். இந்தத் தெருவில் இந்த வாரம் இத்தனை அட்டை பாராசிட்டமால் போனது என்ற கணக்கை நான் தினமும் அனுப்புகிறேன், உங்கள் செவிலியர் அந்தத் தெருவுக்கு வரட்டும். யார் வீடு என்று நான் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து அவர்களே சொல்லும்படி நடந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் உரிமையாளர் ஒருவர்